செஞ்சியும் கணினித் தரவுத்தளமும்

செஞ்சி என்பது மூன்றெழுத்துச் சொல். செ, ஞ், சி என நம் இலக்கணம் அதனை எண்ணும். கணினியோ வேறு வகையில் எண்ணுகின்றது. ஒருங்குறி முறையில் அச்சொல் சகரம், எகரக் குறி, ஞகரம், புள்ளி, சகரம், இகரக் குறி என 6 குறியீடுகளாகும். யூடிஎஃப்-8 வடிவில் 18 பைட்டுகளாகும். இவ்வேறுபாட்டை உணராது தரவுத்தளம் அமைப்பதால் விளையும் கேட்டையும், அதனைத் தவிர்க்கும் வழியையும் ஈண்டுக் காண்போம்.

நாம் எதனையும் குறிப்பிடாதவிடத்துக் கணினி தானே மேற்கொள்ளும் அமைப்பை இயல்பிருப்பு என்பர். சுவீடனில் தோன்றிய மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளத்தில் 5.7 பதிப்பு வரை லத்தீன்-1 என்பதே இயல்பிருப்பாக இருந்தது. அதில் ஐரோப்பிய எழுத்துகளுக்கு இடமுண்டு, தமிழுக்கு இடமில்லை. அத்தகைய அட்டவணையில் செஞ்சி என்று பதிந்தால், கண்டிப்பு நிலை இயங்கும்போது பிழைச்செய்தி தோன்றும். அந்நிலை இல்லையெனில் ஆறு கேள்விக்குறிகளே சேமிக்கப்படும். அவற்றிலிருந்து மூலச் சொல்லை மீட்க இயலாது. பிழைச்செய்தி தோன்றுவதே நமக்கு நன்மை என்க.

2018இல் வெளிவந்த 8.0 பதிப்பில் யூடிஎஃப்8எம்பி4 இயல்பிருப்பாயிற்று. அதற்கு முன்பிருந்தே யூடிஎஃப்8 என்னும் பெயரில் ஒன்று இருந்ததே எனலாம். அது ஓர் எழுத்துக்கு 3 பைட்டு வரையே கொள்ளும். மா, காணி, முந்திரி முதலிய பழந்தமிழ்ப் பின்னக் குறிகள் 2019இல் ஒருங்குறியில் சேர்ந்தன. அவற்றுக்கு 4 பைட்டுகள் வேண்டும். ஆதலின் பழைய நிலக்கணக்குகளைப் பதிய விழைவோர் எம்பி4 அமைப்பையே தேர்தல் வேண்டும்.

செஞ்சிக் கோட்டை 1698இல் முகலாயர் வசமாயிற்று. பாரசீகம் அவர்தம் ஆட்சிமொழி. எனவே இவ்வூர் வரலாற்றைத் தொகுப்போர்க்குத் தமிழ் வரிவடிவம் மட்டும் போதாது. நம் முன்னோர் அரபு வரிவடிவில் எழுதிய அரபுத்தமிழ் நூல்களைப் பட்டியலிடுவோர்க்கும் இந்நிலையே. இவ்விரு வரிவடிவங்களையும் ஒரே அட்டவணையில் ஏற்பது ஒருங்குறியின் சிறப்பாகும்.

சேமித்தால் மட்டும் போதுமா? வரிசையும் வேண்டும். நம் அகராதி பவளம், பழம், பள்ளி என அடுக்கும். வெறும் குறியெண்ணைக் கொண்டு அடுக்கினால் பள்ளி, பழம், பவளம் எனத் தலைகீழாகும். ஆகவே ஒருங்குறியின் வரிசையாக்க நெறியைத் தழுவிய அமைப்பைத் தேர்ந்து, இம்மூன்று சொற்களையும் இட்டுச் சோதித்தல் நன்று.

மாணவர் மனங்கொள்ள வேண்டியவை மூன்று. தரவுத்தளம், அட்டவணை, இணைப்பு ஆகிய மூவிடத்தும் எழுத்துக்குறி முறையை வெளிப்படையாக அறிவித்தல் ஒன்று. பெயருக்குரிய இடத்தை எழுத்தெண்ணிக்கையால் அன்றிக் குறியீட்டு எண்ணிக்கையால் அளவிடுதல் மற்றொன்று. முதற்பதிவை மீள எடுத்துப் படித்துப் பார்த்தல் பிறிதொன்று.

ஓலையைச் செல்லரித்தால் கண்ணுக்குத் தெரியும். கணினியில் நேரும் அழிவோ தேடும் நாளில்தான் தெரியவரும். ஆயிரம் பெயர்களைப் பதிந்தபின் வருந்துவதினும், முதற்பெயரைப் பதியுமுன் ஒரு நாழிகை ஆராய்தல் அறிவுடைமையாம்.