‘நம்ம மிஷின்ல ஓடாதாமாங்க்கா?’

இந்த மாதத்தில் இதே கேள்வி நான்காவது முறை. ஏழு மாத வயிற்றோடு வந்த பெண், தையல் வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள்: “அக்கா, பனியன் துணி நம்ம மிஷின்ல ஓடாதாமாங்க்கா?”

பிரசவத்துக்குப் பிறகு போட்டுக்கொள்ள மெத்தென்று ஒரு டிரெஸ் தைக்க ஆசை. கையில் ஒரு கிலோ சிங்கிள் ஜெர்சி பனியன் துணி இருக்கிறது. கல்யாணச் சீராக வந்த கறுப்பு மிஷின் வீட்டு மூலையில் நிற்கிறது. இரண்டும் இருந்தும், துணியை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு ஜிப் நைட்டி வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“யாரும்மா சொன்னது?”

“எங்க ஊட்டுக்காரருங்க்கா. கம்பெனில பேட்லாக் அடிக்கறாருங்க.”

எனக்குச் சுள்ளென்று வந்தது. ஊரெல்லாம் பனியன் தைத்துக் கப்பலேற்றுகிற திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு, பனியன் துணியைப் பார்த்துப் பயப்படுவதா? ஆகவே இந்தப் பக்கத்தில் பெரும்பங்கு இந்த ஒரு பேச்சுக்குத்தான். மற்றவற்றைப் போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம்.

நம்பிக்கை 1: ஓவர்லாக், பேட்லாக் மிஷின்கள் இல்லாமல் பனியன் துணி தைக்க முடியாது.

உண்மை: முடியும். அந்த வீட்டுக்காரர் வேலை பார்க்கிற கம்பெனியிலேயே, அவருக்கு நாலு மிஷின் தள்ளித் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். கம்பெனி வாசல் போர்டுகளைப் படித்துப் பாருங்கள்: ‘ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் டெய்லர் தேவை.’ அந்தச் சிங்கர் டெய்லர் யார்? நேர்த்தையல் போடுகிறவர். மேல் நூலும் பாபின் நூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கிற, உங்கள் கறுப்பு மிஷின் போடுகிற அதே தையல். கம்பெனி மிஷின் கரண்டில் பறக்கிறது, உங்களுடையது காலால் மிதிக்க ஓடுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

சந்தேகம் இருந்தால் வீட்டில் இருக்கிற காலர் வைத்த டீ-ஷர்ட் ஒன்றை எடுத்து உள்புறம் திருப்புங்கள். பட்டன் பட்டை நேர்த்தையல். பின்கழுத்தில் ஓடுகிற டேப் நேர்த்தையல். லேபிளும் அப்படியே. துணியோ பனியன் துணி. ‘ஓடாது’ என்பவர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.

“நான் அடிச்சுப் பாத்தனுங்க்கா, தையல் உட்டு உட்டு உழுகுது” என்று அந்தப் பெண் ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். உள்ளங்கையளவு துணி. நடுவே ஒரு தையல். நாலு விழுந்திருக்கிறது, ஒன்று தாண்டியிருக்கிறது, மறுபடி மூன்று. இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் பட் பட்டென்று நூல் தெறிக்கிறது. தையலோரமாகக் கடுகு போல இரண்டு ஓட்டை.

“ஊசி எப்ப மாத்துன?”

முழித்தாள். வீட்டு மிஷினில் பிளவுஸ் தைக்கப் போட்ட ஊசி அப்படியே இருந்ததாம், 16-ம் நம்பர்.

குற்றம் அங்கேதான் இருக்கிறது. நெய்த துணியில் பாவும் ஊடையும் பாய் முடைந்ததுபோல் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். கூர்மையான ஊசி இடையில் புகுந்து போய்விடும். பனியன் துணியில் ஒரே நூல் கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொண்டு போகிறது. கூர் ஊசி அந்தக் கண்ணியை அறுத்துவிடும். அறுந்த கண்ணி அடுத்ததை விட, ஓட்டை கீழே இறங்கும். இழுபடுகிற துணி ஊசியோடு சேர்ந்து ஏறி இறங்குவதால் கொக்கிக்கு நூல் அகப்படாமலும் போகும். தையல் தாண்டுவது அதனால்தான். இதற்கென்றே பால்பாயிண்ட் ஊசி இருக்கிறது. முனை லேசாக உருண்டிருக்கும். கண்ணியைக் குத்தாமல் ஒதுக்கிவிட்டு இறங்கும். 11-ம் நம்பர், பெட்டியில் 75/11 என்று போட்டிருக்கும். லைக்ரா கலந்த துணி என்றால் ஸ்ட்ரெச் ஊசி என்று கேட்டு வாங்குங்கள்.

வகுப்பு மிஷினில் ஊசியை மாற்றினேன். பருத்தி நூலை எடுத்துவிட்டு பாலியஸ்டர் நூல் கோத்தேன். கம்பிக்கு மேலே இருக்கிற பிரஷர் ஸ்குரூவை இரண்டு சுற்றுத் தளர்த்தினேன். அது இறுக்கமாக இருந்தால் துணி நீண்டு, தைத்து முடித்த ஓரம் அப்பளம் போல அலையலையாக நிற்கும். மேல் நூல் டென்ஷனையும் கொஞ்சம் குறைத்தேன். ஆரம்பத்தில் மிஷின் துணியை உள்ளே இழுத்துவிடாமலிருக்க, அடியில் பட்டம் செய்கிற தாளில் ஒரு துண்டு. “இப்ப மிதி. முன்னாலயும் பின்னாலயும் லேசாப் புடிச்சுக்க, இழுக்காத.” மிதித்தாள். ஒரு தையல்கூடத் தாண்டவில்லை. தாளைக் கிழித்துவிட்டுத் துணியை இழுத்துப் பார்த்தாள். நூல் தெறிக்கவில்லை. இதற்காகவா பீரோவைப் பூட்டினாய் என்று கேட்க நினைத்தேன். வயிற்றுப் பிள்ளைக்காரி என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பனியன் துணியின் ஓரம், நெய்த துணியைப் போல நூல் நூலாகப் பிரிந்து வராது, சுருண்டுகொள்ளும், அவ்வளவே. ஓவர்லாக் இல்லாவிட்டால் ஓரம் பிரிந்துவிடும் என்பது பிளவுஸ் தைத்த பழக்கத்தில் வருகிற பயம். கம்பெனிக்கு ஓவர்லாக் எதற்கு? ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கும், நீட்சி கொடுக்கும், வேகம் கொடுக்கும். ஆயிரம் பீஸ் ஏற்றுமதி செய்கிறவருக்கு அது வேண்டும். ஒரு பெண்ணுக்கு ஒரு டிரெஸ் தைக்க அது வேண்டாம்.

தோளும் பக்கத்தையலும் அதிகம் நீள வேண்டியதில்லை, நேர்த்தையல் போதும். கழுத்துப் பட்டை, மார்புக்குக் கீழ்த் தையல், கை வளைவு ஆகியவைதான் நீள வேண்டும். ஜிக்ஜாக் உள்ள மிஷின் என்றால் அகலம் 1, நீளம் 2.5 வைத்து அடியுங்கள். கறுப்பு மிஷின் என்றால் துணியைத் துளி இழுத்துப் பிடித்து, நெருக்கமாக இரண்டு வரி ஓட்டுங்கள். கீழ் ஓரத்தை மடிக்காமல் அப்படியே விட்டாலும் ஒன்றும் ஆகாது.

நம்பிக்கை 2: பிள்ளை பெற்றவளுக்கு காட்டன்தான் நல்லது, பனியன் துணி சூடு.

உண்மை: காட்டன் என்பது நூல், பனியன் என்பது பின்னல். இரண்டையும் எதிரெதிரே நிறுத்துகிறவர்களுக்குத் துணி தெரியாது. முழுப் பருத்தியிலேயே சிங்கிள் ஜெர்சி உண்டு. சதுர மீட்டருக்கு 160 கிராம் எடையுள்ளதைக் கேளுங்கள். நம் வெயிலுக்கு அது போதும். பாலியஸ்டர் பின்னலைத் தொட்டுவிட்டு எல்லாப் பனியன் துணியையும் திட்டாதீர்கள். இங்கே எடை போட்டு விற்பதால் ஒரு கணக்கு: 1.8 மீட்டர் அகலம், 160 கிராம் என்றால் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய மூன்றரை மீட்டர் வரும். அம்மாவுக்கு டிரெஸ் போக, பிள்ளைக்கும் ஜப்லா தைக்கலாம்.

நம்பிக்கை 3: அது உள்ளாடைத் துணி, வெளியே போட மரியாதை இல்லை.

உண்மை: ஆண்களின் உள்ளாடைக்கு ஓடிக்கொண்டிருந்த ஜெர்சியை 1916-லேயே சீமாட்டிகளின் உடையாக்கினார் கோகோ ஷனேல். முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கட்டுகிற ‘ராப் டிரெஸ்’ஸை 1974-ல் டயான் வான் ஃபர்ஸ்டன்பெர்க் விற்றதும் ஜெர்சியில்தான். அந்த வெட்டு பால் கொடுக்கவும் தோதாக இருக்கிறது. மரியாதையைப் பற்றி இத்துடன் நிறுத்திக்கொள்வோம்.

நம்பிக்கை 4: பால் கொடுக்கிற டிரெஸ் என்றால் ஜிப்.

உண்மை: பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். அத்தனை முறையும் இருட்டில் ஜிப்பைத் தேடி, துணியில் மாட்டி, திறந்த பல்வரிசைக்குப் பக்கத்தில் பிள்ளையின் கன்னத்தை வைக்க வேண்டுமா? நீள்கிற துணியைக் கையில் வைத்துக்கொண்டு ஜிப் தேடுவது, குடத்தில் தண்ணீர் இருக்கக் கிணற்றுக்கு ஓடுகிற கதை. முன்பக்கத்தை இரண்டு அடுக்காக வெட்டுங்கள். உள் அடுக்கில் இரண்டு பக்கமும் வளைவாகத் திறப்பு. மேல் அடுக்கு தோளிலும் பக்கத்திலும் தைத்திருக்கும். அடியில் தைக்காமல், மார்புக்குக் கீழ்த் தையலைத் தாண்டி இரண்டு அங்குலம் தொங்கும். பால் கொடுக்கையில் அதைத் தூக்கினால் போதும். வயிறும் தெரியாது, தோளும் நழுவாது.

நம்பிக்கை 5: இரண்டு சைஸ் பெரிதாகத் தைத்துவிட்டால் எல்லாம் சரி.

உண்மை: தோள் தொங்கும், கழுத்து இறங்கும், மார்பு மட்டும் அப்படியும் இறுக்கும். தோளைச் சரியான அளவில் வையுங்கள். மார்புக்குக் கீழ்த் தையலை இன்றைய அளவுக்கு ஒரு அங்குலம் இறக்குங்கள். பால் கட்டும்போது அந்த இடம் வேண்டியிருக்கும். சுருக்கம் வைத்து அதற்குக் கீழே தாராளமாக விடுங்கள். இடுப்பில் நாடாவோ எலாஸ்டிக்கோ வேண்டவே வேண்டாம். தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். அடிவயிற்றுத் தையல்மேல் நாடா அழுந்தினால் என்னவாகும் என்று பட்டவர்களிடம் கேளுங்கள்.

நம்பிக்கை 6: எப்படித் தைத்தாலும் துவைத்தால் சுருங்கி, கோணிக்கொள்ளும்.

உண்மை: நனைக்காமல் வெட்டினால் அப்படித்தான் ஆகும். பருத்தி ஜெர்சி மீட்டருக்கு 5 செ.மீ. இறங்குவது சாதாரணம். நானே ஒருமுறை அவசரத்தில் நனைக்காமல் வெட்டி, தங்கை மகளுக்குத் தைத்துக் கொடுத்தேன். மூன்றாம் சலவையில் பக்கத்தையல் சுற்றிக்கொண்டு தொப்புளுக்கு வந்துவிட்டது. அவள் இன்றும் சொல்லிக் காட்டுகிறாள். துவைத்து, கொடியில் தொங்கவிடாமல் பாயில் பரப்பிக் காய வைத்து, அப்புறம் கத்தரியைத் தொடுங்கள்.

வயிற்றை இறுக்கக் கட்டினால் குறையுமா, கறுப்பு உடுத்தலாமா என்பதெல்லாம் என் கத்தரிக்குச் சம்பந்தமில்லாத கேள்விகள். முதலாவதை டாக்டரிடம் கேளுங்கள். இரண்டாவதை யாரிடமும் கேட்க வேண்டாம்.

ஆனால் கேட்க வேண்டிய ஒன்றை யாரும் கேட்பதில்லை. இந்த டிரெஸ்ஸை யார் தைப்பது? ஏழு மாத வயிற்றோடு மிஷின் மிதித்துப் பழகுகிறாள். பிள்ளை பிறந்த பிறகோ, நாளுக்குப் பத்து முறை பால் கொடுக்கிறவளுக்கு ஊசி கோக்க நேரம் ஏது? வீட்டுக்குள்ளேயே ஒரு டெய்லர் இருக்கிறார். ஒன்றரை ஷிஃப்ட் அடிக்கிறார். ஊர் பேர் தெரியாத யாரோ ஒருவருடைய மனைவிக்கு ஓரம் கோணாமல் அடித்து அனுப்புகிறார். சொந்த மனைவிக்குத் தைக்கச் சொன்னால் மட்டும் ‘மிஷின் ஓடாது’. இதை நான் பல வருஷமாகச் சொல்கிறேன்: சம்பளம் வந்தால் தையல் ஆண்பிள்ளை வேலை, வராவிட்டால் பொம்பளை வேலை என்கிற கணக்கு இந்த ஊரை விட்டுப் போக வேண்டும். பிள்ளைக்கு அப்பா ஆகிறவர் தைக்கட்டும். கழுத்துச் சுற்று 20 அங்குலம் என்றால் பட்டை 17 வெட்ட வேண்டும் என்று நான் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

அந்தப் பெண்ணிடம் தைத்த துண்டையும், மீதிப் பால்பாயிண்ட் ஊசி இரண்டையும் ஒரு தாளில் மடித்துக் கொடுத்தேன்.

“அவருகிட்டக் குடு. ஒண்ணும் பேசாத. இழுத்துப் பாக்கச் சொல்லு.”

“அப்புறமும் ஓடாதுன்னாருன்னா?”

“ஞாயித்துக்கிழமை இங்க வரச் சொல்லு. மிஷின் என்னுது. மிதிக்கறது அவரு.”