கட்டற்ற மென்பொருள் கூட்டத்தில் நமக்கு என்ன வேலை?

இந்த மாத வகுப்புக்கு எடுத்துக்கொண்ட பொருள் கொஞ்சம் புதிது. பண்டிகையும் இல்லை, பதிகமும் இல்லை. கணினிக்காரர்கள் கூடும் ஒரு கூட்டம். தெரிந்ததை ஒளிக்காமல் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நம் கிளைகளில் அடிக்கடி பேசுகிறோம். அதையே வேலையாக வைத்திருப்பவர்கள் எப்படிக் கூடுகிறார்கள் என்று பார்ப்போமே.

முதலில் பெயர். 'ஃப்ரீ சாஃப்ட்வேர்' என்று ஆங்கிலத்தில் சொன்னால், காசில்லாமல் கிடைப்பதா, சுதந்திரமானதா என்று ஒவ்வொரு தடவையும் விளக்கவேண்டி இருக்கிறது. தமிழில் அந்தத் தொல்லை இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. 1983இல் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். ஒரு மென்பொருளை விரும்பியபடி பயன்படுத்தலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று படிக்கலாம், படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம், திருத்தி அந்தத் திருத்தத்தையும் கொடுக்கலாம். இந்த நான்கு உரிமையும் இருந்தால்தான் அது கட்டற்றது. 1991இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் முதல் வடிவத்தை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 21. பல்கலைக்கழக மாணவர். நம்ம கிளைச் செயலாளர் வயசுதான்!

அந்த நாளில் லினக்ஸைக் கணினியில் ஏற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஒருவர் திணறுவார், பக்கத்து ஊரில் ஒருவருக்குத் தெரிந்திருக்கும். அப்படித்தான் ஊருக்கு ஊர் பயனர் குழுக்கள் முளைத்தன. சிங்கப்பூரில் லினக்ஸ் பயனர் குழு, இங்கே 'மை ஓஎஸ்எஸ்' நண்பர்களின் சந்திப்புகள், சென்னையில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையை வழக்கமாக வைத்துக்கொண்ட குழு என்று பல. பல ஆண்டுகள் சிங்கப்பூரில் நடந்த 'ஃபாஸ் ஏசியா' மாநாடு இதன் பெரிய வடிவம். மலேசிய அரசும் 2004இல் பொதுத்துறைக்கென்று ஒரு திறந்தமூலப் பெருந்திட்டத்தை அறிவித்தது.

கூட்டம் எப்படி இருக்கும்? தலைவருக்கு மாலை, வரவேற்புரை, நன்றியுரை எதுவும் இருக்காது (நம்ம நிகழ்ச்சிகளுக்கும் இதைக் கொஞ்சம் சிபாரிசு செய்யலாம்). யாராவது ஒரு நிறுவனம் அல்லது கல்லூரி இடம் தரும். ஒருவர் அரைமணி நேரம் தான் செய்ததைக் காட்டுவார். பிறகு 5 நிமிடப் பேச்சுகள். யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். கேள்விகள் நிறைய வரும். முடிந்ததும் சிலர் மாமாக் கடைக்குப் போவார்கள், தே தாரேக்கோடு பேச்சு தொடரும். உண்மையில் பாதிப் பாடம் அங்கேதான் நடக்கும்.

"எனக்கு நிரல் எழுதத் தெரியாதுங்க, நான் போய் என்ன செய்யப்போறேன்?" இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பாடமே.

'கொ' என்ற எழுத்தைப் பாருங்கள். கணினி அதை 'க' முதலிலும் ஒகரக் குறி பின்னாலுமாகச் சேமிக்கிறது. திரையில் காட்டும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பைக் ககரத்துக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். இதைச் செய்யும் 'ஹார்ஃப்பஸ்' என்ற மென்பொருளும் திறந்தமூலம்தான். ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரே ஆபீஸ் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. இந்த வித்தை தெரியாத ஒரு செயலியில் கொம்பு இடம் மாறி நிற்கும், அல்லது புள்ளிவட்டம் ஒன்று தனியாகத் தெரியும். எழுதியவர் ஒரு சீன நண்பராகவோ மலாய் நண்பராகவோ இருந்தால் அவர் கண்ணுக்கு அது சரியாகத்தான் தெரியும். அவர் மேல் குற்றம் இல்லை. அது பிழை என்று சொல்ல அந்த அறையில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

இன்னொன்று, நமக்கு இன்னும் நெருக்கமானது. கோயில் பெயர்களில் வரும் 'ஸ்ரீ'யைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'ஸ'வில் தொடங்கி ஒரு வழி. 2005இல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ'வில் தொடங்கி இன்னொரு வழி. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் கணினிக்கு அவை வேறு வேறு. ஆலயங்களின் பட்டியலை இரண்டு பேர் இரண்டு விசைப்பலகையில் தட்டியிருந்தால், 'ஸ்ரீ மகா மாரியம்மன்' என்று தேடும்போது பாதிக் கோயில்கள் வராமல் போகலாம். இப்படி ஒரு சிக்கல் இருப்பதே பட்டியலைத் தயாரித்தவருக்குத் தெரியாது. ஆலயப் பட்டியலோடு பழகிய நம் பிள்ளைகள்தான் இதைப் பிடிக்க முடியும்.

பிடித்தால் மட்டும் போதாது, சொல்லும் முறை ஒன்று உண்டு. எந்தச் செயலி, எத்தனையாவது பதிப்பு, என்ன செய்தீர்கள், என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, கூடவே ஒரு திரைப்படம். "தமிழ் சரியா வரலை" என்று மட்டும் சொன்னால் யாராலும் எதையும் திருத்த முடியாது. கூட்டத்தில் பழகிய ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து முதல் அறிக்கையை எழுதவைத்தால் இரண்டாவதை நீங்களே எழுதிவிடுவீர்கள். வள்ளுவர் கேள்விக்கு ஓர் அதிகாரமும், அவை அஞ்சாமைக்கு ஓர் அதிகாரமும் வைத்திருக்கிறார். இரண்டுக்கும் ஒரே மாலையில் இங்கே பயிற்சி கிடைக்கும்.

கூடிச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் வீட்டிலேயே சான்று உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் இருந்த தமிழர்கள் சம்பளம் வாங்காமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்தார்கள், மற்றவர்கள் பிழை பார்த்தார்கள். தேவாரமும் திருவாசகமும் திருமந்திரமும் இன்று கைப்பேசியில் கிடைப்பதில் அவர்களுக்குப் பெரும் பங்கு இருக்கிறது. அவர்களில் எல்லாரும் கணினிப் பொறியாளர்கள் இல்லை.

ஒரு சங்கடமான விஷயத்தையும் பேசிவிடுவோம். திருக்குறளின் 29ஆவது அதிகாரம் கள்ளாமை. யோகத்தின் இயமங்களில் ஒன்று அஸ்தேயம். இரண்டையும் வகுப்பில் சொல்லித்தருகிறோம். வகுப்புக் கையேட்டைத் தயாரித்த மடிக்கணினியில் இருக்கும் மென்பொருள் காசு கொடுத்து வாங்கியதா, யாரோ உடைத்துத் தந்ததா? எந்தக் கிளையையும் சுட்டிச் சொல்லவில்லை. ஆனால் காசு இல்லை என்பது இதற்குச் சாக்காகாது, ஏனென்றால் லிப்ரே ஆபீஸ் போன்றவற்றை யாரிடமிருந்தும் திருட வேண்டியதில்லை.

பழைய கணினிகளின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் 'டிபிஎம் 2.0' பாதுகாப்பு வசதி பல பழைய கணினிகளில் இல்லை. டியூஷன் வகுப்புக்கு யாரோ தானமாகத் தந்த கணினியைத் தூக்கிப் போடுமுன், 4 ஜிபி நினைவகம் இருந்தால் லினக்ஸ் மிண்ட் போன்ற ஒன்றைப் பெண்ட்ரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். உள்ளே இருப்பதை அழிக்காமலே சோதிக்க முடியும். நிறுவுவதாக முடிவெடுத்தால் கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்த பிறகே தொடங்குங்கள். பயனர் குழுக்கள் இதற்கென்றே 'இன்ஸ்டால் ஃபெஸ்ட்' நடத்துவது உண்டு. கணினியைச் சுமந்துகொண்டு போனால் கூட இருந்து ஏற்றித் தருவார்கள். தனியாகச் செய்து பாதியில் மாட்டிக்கொள்வதைவிட இது மேல்.

கூட்டங்கள் இங்கே பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும். கூச்சமாக இருந்தால் காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழுவினர் ஞாயிறு மாலைகளில் இணையம் வழியாகத் தமிழிலேயே கூடுவதைக் கேட்டுப் பார்க்கலாம். அவர்களின் மாலை 5 மணி நமக்கு இரவு 7.30.

அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒரு வேலை. உங்கள் கைப்பேசியில் உள்ள ஏதாவது ஒரு செயலியில் கொக்கு, கௌரி, ஸ்ரீ ஆகிய மூன்று சொற்களையும் தட்டி, பிறகு அவற்றைத் தேடியும் பாருங்கள். கோணலாகத் தெரிந்தாலோ தேடலில் அகப்படாமல் போனாலோ திரையைப் படமெடுத்து, செயலியின் பதிப்பு எண்ணோடு கொண்டுவாருங்கள். வகுப்பிலேயே முதல் அறிக்கையைச் சேர்ந்து எழுதுவோம்.