சண்டையில் முளைக்கும் காதல்

கேள்வி: ஷேக்ஸ்பியரின் 'மச் அடோ அபௌட் நத்திங்' நாடகத்தை இந்தக் காலத்துக் கதையாக ஜாஸ் வீடன் எடுத்த படத்தைப் பார்க்கலாமா? நான் நாடகத்தைப் படித்ததில்லை.
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அவசியம் பாருங்கள். கதைச்சுருக்கத்தை மட்டும் முன்கூட்டியே படித்துவிடுங்கள். உடைதான் கோட்டு சூட்டு. வசனம் 400 வருடத்துக்கு முந்தைய ஆங்கிலம், அதுவும் மளமளவென்று ஓடும். சப்டைட்டிலும் போட்டுக்கொள்ளுங்கள்.

'அவெஞ்சர்ஸ்' படப்பிடிப்பு முடிந்த கையோடு, சாண்டா மோனிகாவில் இருந்த தன் வீட்டிலேயே 12 நாளில், கறுப்பு வெள்ளையில் எடுத்தார் வீடன். இந்த நாடகமே ஒட்டுக்கேட்பதில்தான் நகர்கிறது. அதற்குக் கதவும் ஜன்னலும் மாடிப்படியுமாக ஒரு வீடு கிடைத்தது பெரிய வசதி. எப்போதும் தன்னோடு சண்டை போடும் பெனடிக் தன்னை விரும்புகிறான் என்ற பேச்சு காதில் விழுந்ததும் பியாட்ரிஸ் படியில் உருண்டு விழுகிறாள். பியாட்ரிஸாக வரும் ஏமி ஆக்கரின் அந்த விழுகை ஒன்றுக்கே படம் பார்க்கலாம்.

மணமேடையில் ஹீரோ என்ற பெண்ணின் கற்பை மாப்பிள்ளை கிளாடியோ சந்தேகித்து, ஊரறிய அவமானப்படுத்தும் காட்சி இன்றைய உடையில் ஒட்டவில்லை என்பார்கள். எனக்கோ அதுதான் சுட்டது. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் நடப்பதுபோல் பதறுகிறது மனம். கிளாடியோவைக் கொல் என்று பியாட்ரிஸ் காதலனிடம் கேட்கும்போது, அவள் கோபம் முழுக்க நியாயமாகப் படுகிறது.

பிடித்துப்போனால் கென்னத் பிரானா 1993இல் டஸ்கனி வெயிலில் எடுத்ததையும் பாருங்கள். எம்மா தாம்சன்தான் அதில் பியாட்ரிஸ்.