பூச்சிமருந்து விஷத்திற்கு முதல் உதவி

பயிரைக் காக்கும் பொருட்டு வாங்கப்படும் பூச்சிமருந்துகள் மனிதருக்குக் கொடிய விஷமாகும். தெளிக்கும்போது தோலின் வழியாகவும் மூச்சின் வழியாகவும், தவறுதலாகவோ மனமுடைந்தோ அருந்தும்போது வயிற்றின் வழியாகவும் இவ்விஷம் உடலினுட் புகும். விஷமேறியவர் பிழைப்பது, வைத்தியரிடம் சேருமுன் அயலார் செய்வதையும் செய்யாது விடுவதையும் பெரிதும் பொறுத்தது. ஆதலால் சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் அம்முறைகளை அறிந்திருத்தல் அவசியம்.

விஷத்தின் குணம்

பூச்சிமருந்துகளுட் பல ஆர்கனோபாஸ்பரஸ் வகுப்பைச் சேர்ந்தவை. நரம்பின் ஏவல் முடிந்ததும் அதனை அடக்கும் பொருளொன்று உடலில் உண்டு. விஷம் அப்பொருளைச் செயலறச் செய்கிறது. அதனால் எச்சில், வியர்வை, கண்ணீர் ஆகியவை ஓயாது பெருகும். வாந்தியும் பேதியும் உண்டாகும். கண்ணின் பாவை ஊசிமுனை போலச் சுருங்கும். தசைகள் துடித்துப் பின் தளரும். நெஞ்சில் நீர் கோத்து மூச்சுத் திணறுவதே உயிருக்கு முதன்மையான அபாயம்.

செய்ய வேண்டுவன

1. உடனே 108 எண்ணுக்குத் தெரிவித்து ஆம்புலன்ஸை அழைத்தல் வேண்டும். அது வரத் தாமதமாகுமாயின் கிடைத்த வாகனத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க.

2. நோயாளியைக் காற்றோட்டமான இடத்திற்குக் கொணர்ந்து, விஷம் பட்ட உடைகளைக் களைந்து, உடலையும் தலைமயிரையும் சோப்பும் நீரும் கொண்டு கழுவுக. கண்ணிற் பட்டிருப்பின் தூய நீரால் வெகுநேரம் அலம்புக. உதவி செய்வோர் கையுறையோ, அது இல்லையெனில் பிளாஸ்டிக் பையோ கைகளில் அணிதல் நலம். கழுவும் வேலையால் பயணம் தாமதமாகலாகாது.

3. நினைவு தவறியவரை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, வாயிலுள்ள எச்சிலையும் வாந்தியையும் துணியால் துடைத்தெடுக்க.

4. மருந்துப் புட்டியைச் சீட்டுடன் எடுத்துச் செல்க. விஷத்திற்கேற்பச் சிகிச்சையும் மாறும். களைக்கொல்லியாகிய பாராகுவாட் விஷத்தில், மற்றையோருக்கு உயிரளிக்கும் பிராணவாயுவே அளவு மிஞ்சினால் நுரையீரலுக்குக் கேடு செய்யும்.

செய்யத் தகாதன

உப்புநீர், புளிக்கரைசல், சாணக்கரைசல் முதலியவற்றைப் புகட்டி வாந்தியெடுக்கச் செய்யும் வழக்கம் தவறானது. மயக்கமுற்றவர் வாந்தியெடுப்பின் அது மூச்சுக்குழலிற் புகுந்து உயிரை வாங்கும். பூச்சிமருந்துகள் பலவும் மண்ணெண்ணெய் போன்ற திரவங்களில் கரைக்கப்பட்டிருத்தலால், நினைவுள்ளவருக்கும் இது தீங்கே. பால், மோர், எண்ணெய் எதுவும் கொடுக்கலாகாது.

ஆஸ்பத்திரியில் நடப்பது

ஆர்கனோபாஸ்பரஸ் விஷத்திற்கு அட்ரோபின் என்னும் ஊசிமருந்தே முதன்மையானது. நெஞ்சிலுள்ள நீர் வற்றும்வரை சில நிமிஷங்களுக்கொரு முறை அளவைப் பெருக்கிக் கொடுப்பர். தெளிந்தாற் போலக் காணப்படுபவருக்கும் 1 முதல் 4 நாட்களுக்குள் கழுத்தும் மார்பும் தளர்ந்து மூச்சு நின்றுவிடக்கூடும். அரளி விதையை உண்டவரும் முதலில் நலமாகவே தோன்றிப் பின் இருதயத் துடிப்புத் தடுமாறி இறப்பதுண்டு. ஆகையால் வைத்தியர் விடை கொடுக்குமுன் நோயாளியை வீட்டிற்கு அழைத்துச் செல்லுதல் கூடாது.

அச்சம் வேண்டா

வழக்கு வருமென்று அஞ்சி மறைப்பதால் உயிர்கள் வீணாகின்றன. அரசாங்க வைத்தியராயினும் தனியாராயினும், சட்டச் சடங்குகளுக்காகக் காத்திராது உயிர்காக்கும் சிகிச்சை அளித்தல் கடமையென உச்ச நீதிமன்றம் 1989-ல் தீர்ப்பளித்தது. தற்கொலைக்கு முயன்றவர், வேறாக நிரூபிக்கப்பட்டாலன்றி, கடும் மனவேதனையிலிருந்தவராகவே கருதப்பட்டுத் தண்டனையினின்று காக்கப்படுவார் என்பது 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் விதி. அவருக்கு வேண்டுவது ஆதரவும் மனநல வைத்தியமுமே, ஏச்சன்று.

சங்கத்தின் கடமை

மருந்துச் சீட்டிலுள்ள சாய்சதுரத்தின் நிறம் விஷத்தின் கடுமையைக் குறிக்கும். சிவப்பு மிகக் கொடியது. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்பன முறையே கடுமை குறைந்தவை. இக்குறிப்பை எழுத்தறியாதவர்க்கும் சங்கத்தார் விளக்குதல் வேண்டும். மருந்தைக் குடிநீர்ப் புட்டிகளில் ஊற்றி வையாமல், பூட்டிய பெட்டியில் வைக்கும் வழக்கத்தை ஊரில் நிலைநாட்டுக. இரவிலும் புறப்படக்கூடிய வாகனம் எவரிடம் உள்ளதென்பதைச் சங்கக் கட்டடத்தின் வாயிலில் எழுதி வைப்பின், ஆபத்து நேர்ந்த வேளையில் தேடித் திரியும் நேரம் மிஞ்சும். அந்நேரமே ஓருயிரைக் காக்கலாம்.