பல கைகள், ஒரே பராமரிப்பு: நோய் ஆதரவுக் குழு இணைந்து இயங்குவது எப்படி?

நோயைக் குணப்படுத்த இயலாத நிலை வந்த பின்னரும் மருத்துவத்தின் கடமை முடிந்துவிடுவதில்லை. வலியைத் தணிப்பதும், மூச்சுத்திணறலைக் குறைப்பதும், புண்ணைத் தூய்மையாக வைத்திருப்பதும், கலங்கி நிற்கும் குடும்பத்திற்குத் துணை நிற்பதும் அதன் கடமைகளே. இதனையே நோய் ஆதரவுச் சிகிச்சை என்கிறோம். மருத்துவர், செவிலியர், இயன்முறை மருத்துவர், மருந்தாளுநர், சமூகப் பணியாளர், தன்னார்வலர் எனப் பலர் இதில் ஈடுபடுகின்றனர். இவர்கள் ஒரு குழுவாக இயங்கினால்தான் நோயாளிக்கு முழுப்பயன் கிடைக்கும். அதற்கான வழிகளையும், அதில் குடும்பத்தினரின் பங்கையும் இப்பாடத்தில் காண்போம்.

குழு ஏன் தேவைப்படுகிறது?

நவீன இறுதிக்காலப் பராமரிப்புக்கு வித்திட்ட சிசிலி சாண்டர்ஸ், செவிலியராகவும் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் பணியாற்றிய பின்னர் மருத்துவரானவர். 1967ஆம் ஆண்டு இலண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். உடல்நோவு, மனத்துயர், குடும்பக் கவலை, வாழ்வின் பொருள் பற்றிய ஏக்கம் ஆகியவை ஒன்றோடொன்று பின்னியதே நோயாளியின் வலி என்று அவர் விளக்கினார். அத்தகைய வலியை ஒருவர் தனித்து நின்று தணிக்க இயலாது. இந்தியாவில் இவ்வகை இல்லம் முதன்முதலில் 1986இல் மும்பையில் ‘சாந்தி அவேதனா’ என்னும் பெயரில் தொடங்கப்பட்டது. நமக்கு அண்மையிலுள்ள பெங்களூரில் ‘கருணாஷ்ரயா’ இல்லம் இயங்கி வருகிறது.

இணைப்பு எங்கே அறுந்துபோகிறது?

ஒரு சூழலை எண்ணிப் பார்ப்போம். மாரண்டஹள்ளியை அடுத்த சிற்றூரில் வாழும் புற்றுநோயாளி ஒருவர் பெங்களூரில் சிகிச்சை முடித்து வீடு திரும்புகிறார். நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை மார்ஃபின் மாத்திரை கொடுக்குமாறு மருத்துவர் எழுதியுள்ளார். வீட்டிற்கு வரும் பணியாளர் ஒருவரோ, “வலி பொறுக்க முடியாதபோது மட்டும் கொடுங்கள்” என்கிறார். அம்மருந்தால் மலச்சிக்கல் உண்டாகும் என்பதையும், அதற்கான மருந்தைத் தொடக்கத்திலிருந்தே சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதையும் எவரும் சொல்லவில்லை. நான்கு நாள் மலம் கழியாமல் நோயாளி துன்புறுவதைக் கண்டு அஞ்சிய மகன் மாத்திரையையே நிறுத்திவிடுகிறார். அன்றிரவு வலி பன்மடங்காகிறது.

இங்கே எவரிடமும் அக்கறைக்குக் குறைவில்லை. ஆயினும், ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியவில்லை. ஒரே செய்தியைக் குடும்பத்தினருக்குச் சொல்லும் ஏற்பாடும் இல்லை. குழுப்பணியில் நேரும் குறை பெரும்பாலும் இவ்வாறே நோயாளியின் வலியாக வெளிப்படுகிறது.

வெளியார் எவ்வாறு உதவுகின்றனர்?

நாள்தோறும் ஒரே இடத்தில் பணிபுரிவோருக்குப் பழகிப்போன குறைகள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. புதிதாக வருபவர் அவற்றை எளிதில் கண்டுகொள்வார். இக்கருத்தின் அடிப்படையில் இந்தியாவில் சில முயற்சிகள் நடைபெற்றுள்ளன.

உடன் பயணிப்பவர் என்று பொருள்படும் ‘ஹம்ராஹி’ திட்டம் 2010இல் தொடங்கியது. ஆஸ்திரேலிய நோய் ஆதரவு மருத்துவர்களும் செவிலியர்களும் இந்திய மையங்களுக்கு வந்து, அங்குள்ளோருடன் சேர்ந்து பணியாற்றி, ஊர் திரும்பிய பின்னும் தொடர்பில் இருந்து வழிகாட்டினர். கேரளத்தின் பாலியம் இந்தியா அமைப்பு இதில் இணைந்து செயற்பட்டது.

2017இல் தொடங்கிய மற்றொரு முயற்சியில் ஸ்டான்ஃபோர்டு உள்ளிட்ட பல்கலைக்கழகங்களின் வல்லுநர்கள் இந்தியக் குழுக்களுக்குத் துணை நின்றனர். அவர்கள் கற்பித்த முறை டொயோட்டா கார் நிறுவனத்தில் உருவானது. சிக்கல் என்ன, இன்றைய நிலை யாது, காரணம் எது, இலக்கு எது, எதை மாற்றுவது, மாற்றத்தின் பயனை எப்படி அளப்பது ஆகிய அனைத்தையும் ஒரே பெரிய தாளில் எழுத வேண்டும். மருத்துவர் முதல் உதவியாளர் வரை அனைவரும் ஒன்றாய் அமர்ந்து எழுதுவதால், ஒருவரை ஒருவர் குறைகூறும் பேச்சு நின்று, காரணத்தைத் தேடும் பேச்சு தொடங்குகிறது.

இவ்வுதவிக்கு எல்லையும் உண்டு. நம் வட்டாரத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் உளர். ஒரு வீட்டில் முடிவெடுப்பவர் யார், நோயின் உண்மையை யாரிடம் எவ்வாறு சொல்வது என்பனவற்றை வெளியார் அறியார். உள்ளூர்ப் பணியாளரே அவற்றை அவருக்குக் கற்பிக்க வேண்டும். மேலும், ஒருநாள் பயிற்சியோடு விட்டுவிட்டால் பழைய பழக்கங்கள் மீண்டுவிடும். தொடர்ந்து கேட்டறியும் துணையே பயன்தரும்.

அத்துணை கடல் கடந்துதான் வரவேண்டும் என்பதில்லை. மாவட்ட மருத்துவமனையின் அனுபவமிக்க செவிலியர் ஒருவரோ, இணையவழிக் கலந்தாய்வில் பங்குகொள்ளும் வேறொரு குழுவோ அப்பணியைச் செய்யலாம்.

குடும்பத்தினரின் பங்கு

2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் நோய் ஆதரவுச் சேவையை இல்லத்திற்கே கொண்டுவருகிறது. ஆகவே, பலரும் சந்திக்கும் இடம் உங்கள் வீடுதான். பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள்:

1. ஒரே குறிப்பேடு வைத்திருங்கள். மருந்து கொடுத்த நேரம், வலியின் அளவு, உறக்கம், மலம் கழிந்த நாள் ஆகியவற்றை எழுதி, வருகின்ற ஒவ்வொருவரிடமும் காட்டுங்கள்.
2. குடும்பத்தின் சார்பில் பேச ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்.
3. இரவில் யாரை அழைப்பது என்பதை முன்னரே கேட்டு, எண்ணைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.
4. இருவர் இருவேறு விதமாகச் சொன்னால், தயங்காமல் அதனைத் தெரிவியுங்கள். மருத்துவரிடம் கேளாமல் மருந்தை நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.

சிந்திக்க

நம் நோயாளியைக் கவனிப்போர் எத்தனை பேர்? அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுகின்றனரா? நாம் கண்ட குறை எதையேனும் சொல்லத் தயங்கி மறைத்துள்ளோமா? இக்கேள்விகளை வீட்டில் கூடிப் பேசி, அடுத்த முறை செவிலியர் வரும்போது அவர் முன் வையுங்கள். நீங்கள் சொல்லும் ஒரு செய்தி நோயாளியின் ஓர் இரவு வலியைத் தவிர்க்கக்கூடும்.