எல்லாம் சேர்த்து எவ்வளவு?

கேள்வி: பாட்டி, குழந்தைகளோடு மூன்று குடும்பம், 14 பேர். மாமல்லபுரம் பக்கம் 'எல்லாம் சேர்த்து' ஒரே கட்டணம் என்கிற ரிசார்ட்டை நம்பிப் போகலாமா?
– வாசகி, குன்றத்தூர்

தாராளமாகப் போங்கள். ஆனால் ஈ.சி.ஆர். பக்கம் 'எல்லாம்' என்பது பல இடங்களில் காலை டிபனோடு முடிந்துவிடும். மதியம், இரவுச் சாப்பாடு, மாலை டீ, கூடுதல் மெத்தை, வரி, குழந்தைக்கு எந்த வயதிலிருந்து கட்டணம் என்பதையெல்லாம் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிக்கொண்டு முன்பணம் கட்டுங்கள். சனிக்கிழமையைத் தவிர்த்தால் வாடகை குறையும். பாட்டிக்குத் தரைத்தள அறை கேளுங்கள். வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை வழியே போனால் கோவளத்தில் இறங்கலாம். 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்ற, சுத்தமான கடற்கரை. குழந்தைகள் குளிப்பது நீச்சல் குளத்தில் மட்டும் இருக்கட்டும். நம் கடல் சட்டென்று ஆழமாகும், உள்ளே இழுக்கும். அங்கே கால் நனைத்தால் போதும்.