வீட்டுக் கணினியில் ஒளிந்திருக்கும் ஒற்றன்



பண்டார் பாரு வட்டாரத்தில் இப்போது பேங்கில் வரிசை பிடித்து நிற்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள்தான். கெரியான் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி பாரிட் புந்தாருக்குப் போய் முடிக்கும் வேலையை மகனோ பேத்தியோ வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். கரண்ட் பில், தண்ணி பில், பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் எல்லாம் அப்படித்தான் போகிறது. தாத்தா 55 வயதில் எடுத்த ஊழியர் சேமநிதிப் பணமும் அதே கணக்கில்தான் கிடக்கும். செம்பனைக் குலை வெட்டிச் சேர்த்த மொத்த உழைப்பும் அதுதான். அந்தக் கணக்கின் சாவி, பேரன் கேம் விளையாடுகிற அதே கணினியில் இருக்கிறது.

கணினி வகுப்பில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "நான் யாருகிட்டயும் நம்பர் சொல்லலையே தம்பி, அப்புறம் எப்படி காசு போகும்?" நல்ல கேள்வி. போனில் மிரட்டி நம்பர் கேட்கும் கும்பலைப் பற்றி நமக்கு ஓரளவு தெரியும். வாயைத் திறக்காமலே பணம் போவது வேறு விஷயம். அதற்குப் பெயர் உளவு மென்பொருள். நாம் வேறு எதையோ இறக்கும்போது அதோடு ஒட்டிக்கொண்டு கணினிக்குள் வந்துவிடும். வந்த பிறகு சத்தம் போடாது. கணினி வழக்கம்போலத்தான் ஓடும்.

பழைய வகை ஒற்றன் விசைப்பலகையை மட்டும் கவனிப்பான். பாஸ்வேர்ட் அடிக்கும்போது திரையில் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும், யாரும் பார்க்க முடியாது என்று நினைக்கிறோம். அவன் திரையைப் பார்ப்பதில்லை. விரல் அழுத்துகிற எழுத்தைப் பார்க்கிறான். முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுப் படமும் இங்கே உதவாது. அது நம் வீட்டிலிருந்து பேங்க் வரைக்கும் உள்ள பாதைக்குத்தான் காவல். திருடன் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் பாதைக்குக் காவல் போட்டு என்ன பயன்?

நம் நாட்டிலேயே நடந்த ஒன்றைப் பார்ப்போம். 2021-ஆம் ஆண்டு இறுதியில் ஃபேஸ்புக்கில் வீடு சுத்தம் செய்து தரும் சேவைகளின் விளம்பரங்கள் வந்தன. உண்மையான நிறுவனங்களின் பெயரையும் வடிவத்தையும் காப்பியடித்த போலி வலைத்தளங்கள் அவை. கணினிப் பாதுகாப்பு நிறுவனமான ஈசெட் 2022 ஏப்ரலில் இதைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டது. ஏழு போலித் தளங்கள். அவற்றில் ஆறு துப்புரவுச் சேவை, ஒன்று செல்லப்பிராணிக் கடை. குறி வைக்கப்பட்டவை எட்டு மலேசிய வங்கிகள்.

நடந்த விதம்தான் நமக்குப் பாடம். தளத்திலேயே ஆர்டர் செய்ய முடியாது, செயலியை இறக்கு என்று சொல்லும். கூகள் பிளே பட்டன் மாதிரியே ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் கூகளுக்குப் போகாது, மோசடிக்காரனின் சர்வருக்குப் போகும். அங்கிருந்து ஏபிகே கோப்பு ஒன்று இறங்கும். அதை நிறுவ, 'தெரியாத இடத்திலிருந்து வரும் செயலி' என்ற தடையை நாமே திறந்துவிட வேண்டும். பிறகு பணம் கட்டும் கட்டம். நாம் தினம் பார்க்கும் எஃப்பிஎக்ஸ் பக்கம் போலவே ஒரு பக்கம் வரும். பேங்கைத் தேர்ந்தெடுத்து, பெயரும் பாஸ்வேர்டும் போட்டால், 'தவறான பாஸ்வேர்ட்' என்று காட்டும். நாம் என்ன செய்வோம்? விரல் தவறிவிட்டது என்று நினைப்போம். ஆனால் அதற்குள் விவரம் போய்ச் சேர்ந்துவிட்டது.

சரி, டேக் நம்பர் எஸ்எம்எஸ்-இல் வருமே, அது இல்லாமல் எப்படி எடுப்பான்? அதே செயலி, அந்தப் போனுக்கு வரும் எல்லா எஸ்எம்எஸ்-ஐயும் அவனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இரண்டு பூட்டு போட்டோம். இரண்டு சாவியையும் ஒரே பையில் வைத்துவிட்டோம். பெரியவர் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா, எஸ்எம்எஸ் வழி டேக் முறையைக் கைவிட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி வங்கிகளுக்குச் சொன்னது. ஒரு கணக்குக்கு உறுதி கொடுக்க ஒரே ஒரு போன்தான். புதிதாகப் பதிவு செய்தால் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். மோசடியைப் புகார் செய்ய வங்கிகள் தனி எண் வைக்க வேண்டும். இவையும் அந்த அறிவிப்பில் இருந்தன. புதுப் போன் வாங்கியவுடன் "பேங்க் செயலி வேலை செய்யலையே, ரொம்ப தொல்லை" என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். அந்தக் காத்திருப்பு நமக்காகத்தான். திருடன் தன் போனில் நம் கணக்கைப் பதிவு செய்தாலும் அவனும் காத்திருக்க வேண்டும். அதற்குள் நமக்குத் தகவல் வந்துவிடும்.

இப்போது வீட்டுக் கணினிக்கு வருவோம். நம் வீடுகளில் ஒற்றன் நுழையும் பெரிய வாசல், காசு கொடுக்காமல் இறக்கும் கிராக் கேமும் கிராக் சாஃப்ட்வேரும்தான். "வைரஸ் தடுப்பை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுங்க" என்று அதிலேயே எழுதியிருப்பான். காவல்காரனை வெளியே அனுப்பச் சொல்கிறவன் எதற்கு வருகிறான் என்று யோசிக்க வேண்டாமா? ரெட்லைன் என்ற உளவு மென்பொருள் பிரவுசரில் நாம் சேமித்து வைத்த பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் மொத்தமாக வாரிக்கொண்டு போகும் ரகம். 2024 அக்டோபரில் நெதர்லாந்து போலீஸ் மற்ற நாடுகளோடு சேர்ந்து அதன் சர்வர்களை முடக்கியது. அதே ரகத்தில் வேறு பெயர்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதனால் 'பாஸ்வேர்டை நினைவில் வைக்கட்டுமா?' என்று பிரவுசர் கேட்டால், பேங்குக்கு மட்டுமாவது 'வேண்டாம்' சொல்லுங்கள்.

தம்பி தங்கைகளுக்குக் கணினியில் தனிக் கணக்கு திறந்து கொடுங்கள். அட்மின் உரிமை கொடுக்காதீர்கள். பெரியவர்களின் பாஸ்வேர்ட் இல்லாமல் பெரும்பாலான மென்பொருளை அவர்களால் நிறுவ முடியாது. விண்டோஸோடு வரும் பாதுகாப்பே சாதாரண வீட்டுக்குப் போதும் என்பது என் கருத்து. அதை அணைக்காமல், அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் இருந்தால் சரி. விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. மேசையில் இன்னும் அதுதான் ஓடுகிறது என்றால், மேம்படுத்தும் வரைக்கும் அதில் பேங்க் வேலை வேண்டாம். சைபர் கஃபே கணினியிலும் வேண்டவே வேண்டாம்.

பணத்தைக் கணினியில் அனுப்புங்கள், உறுதியைப் போனில் கொடுங்கள். இரண்டு சாவியும் இரண்டு இடத்தில் இருக்கும். உறுதி கொடுக்கும் முன் போன் திரையில் வரும் தொகையையும் பெயரையும் படிக்க வேண்டும். நம்ம ஆளுங்க படிக்காமலே 'அப்ரூவ்' அழுத்துவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் போனில் ஏபிகே எதுவும் ஏறக்கூடாது. வாட்ஸ்அப்பில் கல்யாண அழைப்பிதழ் என்று ஏபிகே கோப்பு வருவதாக 2023-இல் எச்சரிக்கை வந்தது. அழைப்பிதழ் படமாக வரலாம், வீடியோவாக வரலாம். செயலியாக வரத் தேவையே இல்லை. அனுப்பியது மாமாவின் நம்பராக இருந்தாலும் திறக்காதீர்கள். மாமாவின் போனே அவன் கையில் இருக்கலாம்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் நேரம்தான் முக்கியம். முதலில் அந்தப் போனின் டேட்டாவையும் வைஃபையையும் துண்டியுங்கள். வேறொருவர் போனிலிருந்து பேங்கின் மோசடிப் புகார் எண்ணுக்கோ, 2022-இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடிப் பதில் மையத்தின் 997-க்கோ உடனே பேசுங்கள். திருடிய பணம் நேராகத் திருடனிடம் போகாது. 'கழுதைக் கணக்கு' என்று சொல்லப்படும் இரவல் கணக்குகள் வழியாக ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓடும். ஓடி முடிவதற்குள் தடுத்தால்தான் மீதியாவது தங்கும். வெட்கப்பட்டு, "அப்பாவுக்குத் தெரிஞ்சா திட்டுவாரு" என்று இரவெல்லாம் மறைத்தால், காலையில் தேட ஒன்றும் இருக்காது. அடுத்து போலீஸ் புகார். செர்டாங்கிலோ பண்டார் பாருவிலோ, பக்கத்தில் எந்த நிலையம் இருக்கிறதோ அங்கே.

பாஸ்வேர்டை மாற்றுவது வேறு சுத்தமான கருவியிலிருந்துதான். ஒற்றன் இருக்கும் கருவியில் புதுப் பாஸ்வேர்ட் அடித்தால் அதையும் அவன் எழுதிக்கொள்வான். போனில் வந்த தகவல்களைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, புகார் முடிந்த பிறகு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். படங்களைத் திரும்ப ஏற்றலாம். டவுன்லோட் ஃபோல்டரில் கிடந்த அந்த ஏபிகே மட்டும் அவற்றோடு சேர்ந்து திரும்பி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.